அரை மில்லி கம்மி

சட்டம் தேடிகள் என்று ஓர் இனம் இருக்கிறது. சட்டம் என்றதும் வக்கீலை நினைத்துக்கொள்ளாதீர்கள். லாரியின் வயிற்றுக்கடியில், தலையிலிருந்து வால்வரை இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் ஓடுமே, இன்ஜின், கேபின், பாரம் எல்லாவற்றையும் தாங்குமே, அதைத்தான் சொல்கிறேன். லாரியையே பதினான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, ரிமோட்டில் ஓடும் பொம்மை கட்டுகிறவர்களிடையே இந்த இனம் செழித்து வளர்கிறது. பொம்மை என்றா சொன்னேன்? அவர்கள் காதில் விழ வேண்டாம். 'மாடல்' என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

நமக்குத் தெரிந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் வருகிறவர் போகிறவர் மூக்கில் ஐந்தே நிமிடத்தில் ஃப்ரேமை மாட்டி, "உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று அனுப்பிவைக்கிற மனிதர், தன் லாரிக்கு ஒரு ஃப்ரேம் அமையாமல் ஆறு வருடமாக அலைந்தார். கேபினுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. பத்து டயர், மோட்டார், பாட்டரி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ஹாரன், எல்லாம் தயார். சட்டம்தான் இல்லை. கிடைக்கவில்லையா? கிடைக்காமல் என்ன! ஜன்னல் திரை ஓடுகிற சேனலைப் பார்த்தார், மெல்லிசு. மேஜை டிராயர் சேனலைப் பார்த்தார், அதுவும் வீட்டு மேஜையிலிருந்தே கழற்றி, கனம். வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்தார். மயிரிழையையும் அளக்கிற வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அரை மில்லி கம்மி."

"அந்த அரை மில்லியை யாரு குனிஞ்சு பாக்கப்போறாங்க?" என்றார் மனைவி, டிராயர் இல்லாத மேஜையைப் பார்த்தபடி.

"நான் பாப்பேனே!"

போன மாதம் வியாதி முற்றிவிட்டது. அலுமினிய ஜன்னல் பட்டறைக்குப் பதினேழாவது தடவையாகப் போனவர், வாசலில் ஒரு நிஜ லாரி நிற்பதைக் கண்டார். அசலையே அளந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்ததல்லவா? டேப்பும் டார்ச்சுமாக மல்லாந்து படுத்து உள்ளே நழுவினார். இரண்டு நிமிடம் பேரானந்தம். பிறகு தலைக்கு மேலே இன்ஜின் உறுமியது.

"ஐயோ! ஆள் இருக்கேன்! ஆள் இருக்கேன்!"

உறுமல் நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தார்.

"ஏன் சார், சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"மாடல் லாரி கட்டறேன். சட்டத்துக்கு அளவு எடுத்தேன்" என்றார் நம்மவர், கிரீஸ் அப்பிய முகத்தோடு. பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில், "உங்க வண்டியில இடதுபக்கச் சட்டம் வளைஞ்சிருக்கு. ரெண்டு விரக்கடை!"

"அதுவா? பள்ளத்துல விட்டேன், எட்டு வருஷம் ஆச்சு. ஒட்டுப் போட்டு, அதோட நாலு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிட்டேன். ஆமா, உங்க வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?"

"ஒரு அடிகூட ஓடல."

டிரைவர் சிரிக்கவில்லை. அதுதான் நம்மவருக்குச் சுருக்கென்றது. டிரைவர் நேரே பட்டறைக்குள் போய், மூலையில் கிடந்த ஜன்னல் சட்டத்துண்டை இரண்டாக அறுக்கச் சொல்லி, கொண்டுவந்து கையில் திணித்தார்.

"இன்னிக்கே பூட்டுங்க சார். நாளைக்குன்னா மறுபடி அளப்பீங்க."

அன்று மாலையே கூடத்தில் லாரி ஓடியது. வலதுபக்கமாக இழுத்து இழுத்து ஓடி, சோபாக் காலில் முட்டித் திரும்பி, மனைவியின் காலடியில் நின்று ஹாரன் அடித்தது. அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றார் அவர். பதினோரு தடவை ஓட்டினார்.

குணமாகிவிட்டார் என்கிறீர்களா? லாரி தினமும் ஓடுகிறது, உண்மைதான். ஆனால் முன்கண்ணாடிக்கு வைப்பர்தான் இன்னும் சரியாக அமையவில்லையாம்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அப்படியே ஒன்று சொல்லுங்கள்: 'எல்லாம் ரெடி, இது ஒண்ணு மட்டும் அமையட்டும்' என்று நீங்கள் கட்டிவைத்திருக்கும் மூட்டை எந்த அலமாரியில் இருக்கிறது? நான் கேட்கவில்லை. உங்கள் தோளுக்கு மேலாக எட்டி இதைப் படித்துக்கொண்டிருக்கிறாரே, அவர் கேட்கப்போகிறார்.