நாற்பத்திரண்டு பேர் கைதட்டாத விவரம்

சைனிக்புரி,
செகந்திராபாத்.
வியாழக்கிழமை

அன்புத் தம்பி ராஜீவுக்கு,

அக்கா சுபாஸ்ரீ ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். மழை தூறலோடு நிற்கிறது. அடுத்தபடியாக உன் சுகத்தைக் கேட்டு ஒரு வரி எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்றே அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டேன். "அவன் சுகமாவே இல்லடி, சோத்துத் தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கான்" என்றாள். ஆகையால் அந்த வரியை எழுதாமல் தாண்டிப் போகிறேன்.

உன் போன் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அணைந்து கிடக்கிறது. நான் அனுப்பிய பதினேழு செய்திகளும் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ சினிமாவை விட்டுவிட்டு, வருகிற திங்கட்கிழமை முதல் சேலத்தில் உன் மாமனாரின் டைல்ஸ் கடையில் உட்காரப்போகிறாயாம். டைல்ஸ் கடை கௌரவமான தொழில். உன் மாமனார் திருநாவுக்கரசு அவர்கள் மேல் எனக்கு மரியாதையும் உண்டு. ஆனால் இங்கே நடந்த திரைப்பட விழாவில் உன் படம் முடிந்ததும் ஒருவர்கூடக் கைதட்டவில்லை என்பதுதான் காரணம் என்றால், கடையில் உட்காருவதற்கு முன் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிடு. கைதட்டாதது உன் படத்தின் குற்றம் இல்லை. என் குற்றம். சரியாகச் சொன்னால் ஒரே ஒரு சொல்லின் குற்றம்.

"காலி நாற்காலிக்குப் படம் காட்டப் பயமா இருக்குக்கா, உன் ஸ்டூடண்ட்ஸைக் கூட்டிட்டு வாயேன்" என்று நீ கேட்டது போன மாதம். நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி பட்டான்செருவில் இருப்பது உனக்குத் தெரியும். வீட்டிலிருந்து இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, ஒன்றே முக்கால் மணி நேரம். எல்லோரும் என்மேல் பரிதாபப்படுகிறார்கள். எனக்கோ அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான் சொந்தமானது. ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் நான் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய மேடமும் இல்லை. மேம்பாலங்களும் பாறைகளும் தண்ணீருக்குள் நகர்வதுபோல நகர்ந்துபோகும். நீ கேட்ட நாளிலிருந்து அந்த ஜன்னலில் நான் தினமும் பார்த்தது உன் அரங்கத்தைத்தான். விளக்குகள் மெல்ல எரிகின்றன, என் பெண்கள் எழுந்து நிற்கிறார்கள், கைதட்டல் நிற்கவே மாட்டேனென்கிறது, நீ மூக்கைத் தடவிக்கொண்டு வெட்கப்படுகிறாய். இந்தக் கனவில் இரண்டு முறை இறங்குமிடத்தைத் தவறவிட்டேன்.

ஆனால் பி.காம். இரண்டாம் ஆண்டுப் பெண்கள் நாற்பத்திரண்டு பேரைத் திரைப்பட விழாவுக்குத் தயார் செய்வது கனவு காண்பதுபோல இல்லை. "தமிழ்ப் படம், கீழே ஆங்கிலத்தில் எழுத்து வரும்" என்றேன். "ஹீரோ எவரு மேடம்?" என்றார்கள். ஹீரோ இல்லை, ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை என்றேன். பாட்டு உண்டா? இல்லை. சண்டை? இல்லை. இன்டர்வெல்லாவது உண்டா? அதுவும் இல்லை என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து "நக்கோ மேடம், நக்கோ!" என்று ஒரு குரல் வந்தது. வேண்டாமாம். வருகைப் பதிவு உண்டு என்று சொன்னபிறகு அதே குரல், "ஹவ் மேடம், ஒஸ்தாம்" என்றது. வருகிறார்களாம்.

உன் படத்தில் ஒன்பது நிமிடம் ஒரு ஜன்னலைத் தவிர எதுவும் வராது என்று நீயே எச்சரித்திருந்தாய். அதற்கு ஒத்திகை வேண்டாமா? வகுப்பில் எல்லோரையும் ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, பத்து நிமிடம் பேசாமல் வெளியே பாருங்கள் என்றேன். வெளியே இருப்பது தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். முதல் நாள் இரண்டாவது நிமிடத்தில் சிரிப்பு வெடித்தது. மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. ஐந்தாம் நாள் யாரும் அசையவே இல்லை. தொட்டியின் விளிம்பில் ஒரு பருந்து உட்கார்ந்து இறகை உலர்த்திக்கொண்டிருந்தது. அதன் நிழல் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை நாற்பத்திரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் பிரின்சிபால் வராண்டாவில் வந்திருக்கிறார். ஒரு வகுப்பு முழுக்க, ஆசிரியை உட்பட, வாயை மூடிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, சத்தமில்லாமல் தானும் ஒரு ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவருக்குப் பருந்து தெரியவில்லை. தொட்டியில் ஏதோ கோளாறு என்று தீர்மானித்து மதியம் பிளம்பரை வரவழைத்துவிட்டார். பிளம்பர் மேலே ஏறி உண்மையிலேயே ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார். அன்று முதல் என் வகுப்புக்கு ஒரு மரியாதை.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். படம் முடிந்ததும் வரும் பதினேழு பெயர்களையும் எல்லோரும் படிக்கவேண்டும், ஆட்டோ ஓட்டியவர் பெயர் கடைசியில்தான் வருகிறது என்று நீ கெஞ்சியிருந்தாய். இந்த ஊரில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே பாதிக் கொட்டகை காலியாகிவிடும். ஆகவே நான் விழாவுக்கு முதல் நாள் தெலுங்கிலேயே தெளிவாகச் சொன்னேன். "சப்பட்லு கொட்டடானிகி அவசரம் லேது." கைதட்ட அவசரமில்லை, பெயர்கள் முடியட்டும் என்ற அர்த்தத்தில். இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டிய எனக்கு, தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று தெரியாதா? தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் எதிர்வீட்டு அம்மா கறிவேப்பிலைக் கொத்தோடு வந்து "அவசரமா?" என்று கேட்க, நான் சிரித்துக்கொண்டே "அவசரம் லேது" என்று சொல்லி, அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக் கறிவேப்பிலை என் ரசத்தில் மிதந்ததே இல்லை. தெரிந்தும் என்ன? மனசு நிறைந்திருக்கும்போது நாக்கு தன் பழைய வீட்டுக்குப் போய்விடுகிறது. நம் அவசரத்துக்குத் தெலுங்கில் தொந்தர என்று பெயர். "தொந்தர லேது" என்று சொல்லவேண்டிய இடத்தில், கைதட்டத் தேவையில்லை என்று நாற்பத்திரண்டு பேருக்கும் உத்தரவு போட்டுவிட்டேன்.

விழா நாளன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் நிலைமை உனக்குப் புரியும். கல்லூரி பஸ் முக்கால் மணி தாமதம். பஸ்ஸில் வைத்து ஒருத்தியின் பையைத் திறந்தால் பொடிப்பொடியாகக் கிழித்த காகிதம், ஒரு படிக்கு இருக்கும். "கைக்கு மேடம், சினிமாக்கு போய் பேப்பர் போடாம எப்படி?" என்று பிளெசி அவளுக்காக வக்காலத்து வாங்கினாள். கைக்கு என்றால் இந்த ஊரில் ஏன். பிளெசி லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். வகுப்பிலேயே தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். உன்னிடம் தமிழில் கேட்க ஒரு கேள்வியை அவளுக்குத்தான் பழக்கியிருந்தேன். காகிதத்தைப் பறித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அரங்க வாசலில் பைகளைச் சோதிக்கும் பெண், மற்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு என் பையில் கைவிட்டாள். காகிதப் பொடியை ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். என் நரைத்த முடியைப் பார்த்தாள். "ஈ வயசுலோனா, மேடம்?" என்றாள், இந்த வயதிலா என்று. நான் அவளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ மேடையில் பேசிய அறிமுக உரை முடிந்துவிட்டது. அதற்கும் மன்னித்துக்கொள்.

பிறகு இருட்டு. உன் படத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? அந்த ஒன்பது நிமிட ஜன்னலில் மழை வந்து, நின்று, கண்ணாடியில் தங்கிய துளிகளில் தெருவிளக்கு ஒவ்வொன்றாக அணைந்தபோது என் வரிசையில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசிக் காட்சியில் அந்தப் பேக்கிங் பெண் இரவு ஷிஃப்ட் முடித்து, விடியற்காலை வெளிச்சத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறி, பக்கத்தில் இருக்கிற முகம் தெரியாத அம்மாளின் தோளில் சாய்ந்து தூங்கிப்போகிறாள். அவள் தெரு வருகிறது. யாரும் எழுப்பவில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்றுக்கு வண்டியை விடுகிறார். தூங்கும் முகத்தின் மேலேயே பெயர்கள் வருகின்றன. பதினேழும் வந்தன. விளக்கு எரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நாற்பத்திரண்டு பெண்களும் மடியில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மற்றபடி அரங்கில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேர், கல்லூரிக் கூட்டமே சும்மா இருக்கிறதே, திரைப்பட விழாவில் இதுதான் நாகரிகம் போலிருக்கிறது என்று அவர்களும் கையை மடக்கிக்கொண்டார்கள். நீ மைக்கை எடுத்து "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றாய். பிளெசி எழுந்தாள், வாயைத் திறந்தாள், உட்கார்ந்துவிட்டாள். "சரி. நன்றி" என்று நீ சொன்னது உன் குரல் மாதிரியே இல்லை. சிறுவயதில் காய்ச்சலில் தண்ணீர் கேட்பாயே, அந்தக் குரல். நான் எழுந்து ஓடி வந்தேன். பக்கவாசல் படியில் கைப்பை திறந்துகொண்டு காகிதமெல்லாம் காற்றில் பறந்தது. உன் டாக்ஸி திரும்புவதை அந்த வெள்ளை மழைக்கு நடுவில் நின்று பார்த்தேன். வாட்ச்மேன் வந்து "ஏ ஹீரோ மேடம்?" என்று, எந்த ஹீரோவுக்கு இதெல்லாம் என்று கேட்டார். "என் தம்பி" என்றேன்.

"நீ ஏன் தட்டலக்கா?" என்று கேட்பாய். அதை நினைத்து நான்கு நாளாக எனக்கும் தூக்கம் சரியாக இல்லை. அக்கா தட்டினால் அது குடும்பத்துக் கைதட்டல், யாராவது அந்நியர் முதலில் தட்டட்டும் என்று காத்திருந்தேன். உன் விஷயத்தில் நான் எப்போதுமே இப்படித்தான். மனசுக்குள் எவ்வளவோ தட்டியிருக்கிறேன். வெளியே சத்தம் வந்ததே இல்லை. நீ பத்தாம் வகுப்பில் எடுத்த அந்த நாய்க்குட்டிப் படத்துக்குக்கூட நான் "பரவாயில்லை" என்றுதான் சொன்னேன்.

ஆகவே ராஜீவ், விஷயம் இதுதான். உன் படம் தோற்கவில்லை. ஒரு தமிழ்ச்சொல் எல்லை தாண்டி வந்து அர்த்தம் மாறிப்போயிற்று, அவ்வளவே. ஒரு சொல்லுக்காக யாராவது டைல்ஸ் விற்கப்போவார்களா? திங்கட்கிழமைக்குள் போனைப் போடு. வேண்டுமானால் எல்லோரையும் மறுபடி கூட்டி, நல்ல தெலுங்கில் சொல்லித் தட்டவைத்து, ரெக்கார்டு செய்து அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு நமஸ்காரம். உன் மனைவிக்கும், என்ன இருந்தாலும் உன் மாமனாருக்கும், என் அன்பு. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நீண்ட ஆயுளோடும் நிறையப் படங்களோடும் இருக்கவேண்டும்.

உன் அன்பு அக்கா,
சுபாஸ்ரீ

பி.கு.: வெள்ளிக்கிழமை மதியம், கல்லூரியிலிருந்து. ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதை நம்பாதே. காலையில் வகுப்பில் நடந்ததைச் சொல்லி, என் தெலுங்கால் வந்த வினை என்று பெண்களிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அய்யோ மேடம், உங்க அவசரம் எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் பிளெசி. "ஃபர்ஸ்ட் இயர்ல அசைன்மென்ட்டுக்கு அவசரம் லேதுன்னு சொன்னீங்க, யாருமே எழுதல, எல்லாருக்கும் ஜீரோ போட்டீங்க. அப்பவே கத்துக்கிட்டோம்." அப்படியென்றால் ஏன் தட்டவில்லை என்றேன். கேள்வியையாவது கேட்டிருக்கலாமே என்று பிளெசியைப் பிடித்தேன். "மெதுவா கேக்கணும்னுதான் எழுந்தேன் மேடம். மைக்ல மெதுவா வராதே" என்றாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஸ்ரீலேகா என்று ஒருத்தி. அவள் அம்மாவுக்கு இங்கே மாத்திரைக் கம்பெனியில் இரவு ஷிஃப்ட். வகுப்பில் வாயே திறக்காதவள், என் அறியாமையைப் பார்த்துப் பொறுக்காமல் எழுந்து நின்றாள். "சப்பட்லு கொடித்தே ஆமெ லேஸ்துந்தி கதா, மேடம்?" என்றாள். தட்டினால் ஆட்டோவில் தூங்குகிறவள் எழுந்துவிட மாட்டாளா என்று கேட்கிறாள்.