வள்ளத்தில் ஏறிய வார்டு லிஸ்ட்

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சோம்பேறியால் இவ்வளவு கேடு வராது. ஆதாரத்தோடுதான் சொல்கிறேன். ஆதாரம் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மழை விடாமல் பெய்து ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. எங்களுக்கும் பக்கத்துப் பஞ்சாயத்துக்கும் எல்லை, தோடு என்கிற ஒரு சின்ன ஓடை. அந்தத் தோடு எங்கே என்று அன்றைக்குத் தோட்டுக்கே தெரியாது. (அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு வேறு. பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒரு நர்ஸ். சம்பந்தம் கொண்டுவந்த உபதேசியார் போட்டோகூடக் காட்டவில்லை.)

காலையில் இரண்டு பஞ்சாயத்தும் சேர்ந்து அவசரக் கூட்டம். இரண்டு பிரசிடெண்டுகள், ஒரு தலைமை நாற்காலி. அதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. பிறகு எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், கஞ்சிக்கு யாருடைய அண்டா என்று ஒரு மணி நேரம். பூவார்க் கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றி வந்த இரண்டு மீன்பிடி வள்ளங்கள் வாசலில் சும்மா கிடந்தன. எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து, "ஒரே வீட்டுக்கு ரெண்டு வள்ளமும் போனா வெட்டி வேலை. அவரவர் பஞ்சாயத்து வீட்ட அவரவர் வள்ளம் பாக்கட்டு. வார்டு லிஸ்ட் கையில உண்டு" என்றேன்.

கை தட்டினார்கள். கூட்டக் குறிப்பை நானே எழுதி, கார்பன் நகலைப் பக்கத்துப் பஞ்சாயத்துக் கிளார்க்கிடம் கொடுத்தேன். (அரசாங்கமே என் தோளில் நிற்பதாக ஒரு நினைப்பு.) லிஸ்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு எங்கள் வள்ளத்தில் ஏறினேன்.

துடுப்புப் போட்டவர் பூவார்க்காரர் பெர்னார்டு. இரண்டு வீட்டிலிருந்து ஐந்து பேரை ஏற்றிவிட்டோம். மூன்றாவது வீட்டு மொட்டை மாடியில் மெலிந்த ஒரு மனிதரும் அவர் மனைவியும் ஓர் ஆடும் நின்றார்கள். தண்ணீர் சன்னலை மூடியிருந்தது.

"வீட்டு நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "எதுக்கு சாறே, கடுதாசி போடவா?"

நம்பரைச் சொன்னார். லிஸ்டில் இல்லை. "நீங்க அந்தப் பஞ்சாயத்தாக்கும். உங்களுக்க வள்ளம் வரும். கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

"பின்சுவரு இடிஞ்சாச்சு மக்கா. எப்பம் வரும்?" என்றார் அந்த அம்மா.

பெர்னார்டு துடுப்பை நிறுத்தினார். "கடல்ல ஒருத்தன் முங்கினா எந்தக் கரைக்காரன்னு கேட்டிட்டா சாறே தூக்குவோம்?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "வள்ளத்தில இடமும் இல்ல" என்றேன்.

"இடமா? இப்பம் உண்டாக்கித் தாறேன். நீங்க எறங்குங்க."

"நானா?"

"நீங்க நம்ம பஞ்சாயத்துதானே? நம்ம வள்ளம் வந்து உங்கள ஏத்தும். சட்டப்படியாக்கும்."

வள்ளத்தில் இருந்த ஐந்து பேரும் ஒரே குரலில் "எறங்கும் சாறே" என்றார்கள். (அன்றைக்கு இரண்டு பஞ்சாயத்திலும் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் இதுதான்.) நான் மாடியில் ஏறினேன். என் ஒருவன் இடத்தில் அவர்கள் இருவரும் அடங்கினார்கள். போகும்போது அவர் ஆட்டுக் கயிற்றை என் கையில் திணித்து, "விட்டிராத மக்கா" என்றார்.

மழை வலுத்தது. பின்சுவரில் இன்னொரு துண்டு தண்ணீருக்குள் விழுந்தது. மாடி அதிர்ந்தது. காலையிலிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவரிடம்தான் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபோது, என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. உறைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த லிஸ்டின் ஓரத்தை ஆடு தின்றது. தடுக்கவில்லை.

அப்போது இன்னொரு வள்ளம் வந்தது. அந்தப் பஞ்சாயத்து வள்ளம். உள்ளே அந்தக் கிளார்க்கு, கையில் அவர்கள் வார்டு லிஸ்டும் என் கார்பன் நகலும்.

"வீட்டு நம்பர்?" என்றார். சொன்னேன். லிஸ்டில் இருந்தது! "வீட்டுக்காரங்க எங்க?"

"எங்க வள்ளத்தில போயாச்சு."

"அப்பம் நீங்க?" லிஸ்டை மேலும் கீழும் பார்த்தார். "லிஸ்டில் இல்லல்லோ சாறே. இந்தச் சட்டத்த நீங்கதானே எழுதினீங்க?" பிறகு கயிற்றைப் பார்த்தார். "இது இந்த வீட்டு ஆடா?"

"ஆமா."

"அப்பம் எங்க பஞ்சாயத்து ஆடாக்கும்."

ஆட்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நிஜமாகவே சட்டம் பார்த்தாரா, என்னைப் பழிவாங்கினாரா என்று இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரத்தில் பெர்னார்டு திரும்பி வந்தபோது, நான் நனைந்த லிஸ்டோடு தனியாக நின்றேன். "ஆடு எங்க சாறே?" என்றார். சொன்னேன். முகாம் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே துடுப்புப் போட்டார்.

பெண் பார்ப்பது இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. அவர்கள் வீடு வெள்ளத்தில் சேதமாகிவிட்டதால் பெண்ணின் சித்தப்பா வீட்டுக்கு வரச் சொன்னார்கள். கதவைத் திறந்தவர் அந்த மொட்டை மாடி மனிதர்; அவர்தான் பெண்ணின் அப்பா. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்: "எடியே, வீட்டு நம்பர் கேட்டவன் வந்திருக்கான்!"

திரும்பி ஓடத்தான் நினைத்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. நின்றுவிட்டேன்.

எப்படி அவளை எனக்குக் கட்டிவைத்தார்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு அவளிடமே கேட்டேன். "வள்ளம் மறையிறதுவரை அப்பா திரும்பித் திரும்பிப் பாத்தாராம். நீங்க கயித்த விடாமப் பிடிச்சிட்டு நின்னியளாம். அதாக்கும்" என்றாள்.

மாமனாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம், ஞாபகம் மட்டும் மந்தமாகித் தொலையவில்லை. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் வண்டியில் ஆள் கூடிவிடும். முன் சீட்டில் உட்கார்ந்தபடி, பேரப்பிள்ளைகள் கேட்க உரக்கச் சொல்வார்: "இடம் போதாதா? மருமவன எறக்கு. அவனுக்க பஞ்சாயத்து வள்ளம் வரும்."