0.42 வந்த மகளும் ஆறுதல் சொல்லப்போன அப்பாவும்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. உன் அக்காவும் நானும் உடம்பளவில் நலம். அங்கே நீங்கள் எல்லோரும் முழுமையாகவே நலமாயிருக்க விரும்புகிறேன். மனசளவில் நான் இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. உன் மருமகள் என்னோடு பேசி நாலு நாளாகிறது.

தனிமைக்கும் தூக்கம் கெடுவதற்கும் எவ்வளவு தொடர்பு என்று, இரண்டு வருஷமாகக் கேள்வித்தாளும் கையுமாக முந்நூறு பேரிடம் அலைந்தாளே, அதற்கு விடை வந்துவிட்டதென்று செவ்வாய்க்கிழமை துள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பா, 0.42 வந்திருக்கு!" ஒன்று வந்தால் இம்மி பிசகாத தொடர்பு, பூஜ்யம் வந்தால் ஒட்டுமில்லை உறவுமில்லை. நானோ முப்பத்தொரு வருஷம் தராசுகளைச் சரிபார்த்தவன், 0.99 வந்தாலே பழுது என்று சீட்டு ஒட்டித் திருப்பியனுப்பியவன். கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது. "விடும்மா, வேற வேலை பாத்துக்கலாம்"னு தலையைத் தடவிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? மறுநாள் பல்கலைக்கழகத்தில் அவள் துறைக்கே போய்ப் பேராசிரியை முன்னால் கைகூப்பி, என் தராசுக் கணக்கையும் சொல்லி, "பொண்ணு தெரியாம பண்ணிட்டா, இன்னொரு வாய்ப்பு குடுங்க"ன்னு கெஞ்சினேன். மேஜைமேல் கேக், அதன்மேல் க்ரீமில் 0.42! "சார், தராசுத் தட்டுல எடைக்கல்லு மட்டும்தான் இருக்கு. மனுஷன் தூக்கம் கெட முதுகுவலி, வேலை, எதிர்வீட்டு நாய்னு நூறு காரணம். அத்தனைக்கும் நடுவுல தனிமை இவ்வளவு தெரியுதுன்னா சும்மாவா?" என்றார் அந்த அம்மா. பக்கத்திலிருந்த டாக்டர், தங்கள் துறையில் 0.1 வந்த மருந்துகூட எத்தனையோ உயிரைக் காப்பாற்றலாம் என்றாரே பார்க்கலாம், எனக்குத் தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், கேக் கொடுத்தார்கள், சாப்பிட்டும் தொலைத்தேன். உன் மருமகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பு என்னுடையதுதான். இனி அவள் எந்த எண்ணைச் சொன்னாலும் நான் வாயைத் திறப்பதில்லை. நீ போனில் பேசி அவளைச் சமாதானப்படுத்து.

உன் பிள்ளைகள் நோய்நொடியின்றி நன்றாயிருக்க என் ஆசி.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது அவளே வந்துவிட்டாள். "ரெண்டாவதா இன்னொரு குழுகிட்டயும் கேட்டேன்ல, அதுக்குச் சரியா ஒண்ணு வந்திருக்குப்பா. சரிபாக்க உங்களை விட்டா யாரு? கொஞ்சம் பாருங்க." ஒன்று! முப்பத்தொரு வருஷத்தில் என் தராசுகளே 0.9999-ஐத் தாண்டியதில்லை! ஓடிப்போய்ப் பேராசிரியைக்குப் போன் போட்டு வாழ்த்திவிட்டேன். மனுஷர்களிடம் அப்படி வரவே வராதாம், அவரே கணக்கைத் திறந்து பார்த்துச் சொன்னார். தூக்கத்தின் எண்களைப் போட வேண்டிய இடத்திலும் தவறுதலாகத் தனிமை எண்களையே ஏற்றியிருக்கிறாள். "சரிபாக்கத்தானே சொன்னேன்? தப்பைத் திருத்திட்டு மேடம்கிட்ட நானே சொல்லியிருப்பேனேப்பா!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். போனெல்லாம் போதாது. அடுத்த பஸ்ஸில் ஏறி வா.