தலைவர் வேண்டாத சங்கத்துக்குத் தலைவர் தெரிவு

தமிழர் கையில் ஓர் அமைப்பைக் கொடுத்தால் முதல் கூட்டத்தில் தலைவரைத் தெரிவுசெய்வார்கள், அடுத்த கூட்டத்தில் இரண்டாக உடைப்பார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு முன்பே செத்துப்போன ஓர் அமைப்பை ஒஸ்லோவில் உடைத்த பெருமை என்னுடையது.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். முன்னொரு காலத்தில் இந்த நகரத்தில் இயங்கிய அரசின்மைவாதிகளின் சிறு அமைப்பொன்றுதான் என் ஆய்வு. அரசு வேண்டாம், முதலாளி வேண்டாம், தலைவரும் வேண்டாம் என்ற ஆட்கள். (அம்மா சொந்தக்காரரிடம், "அவன் அரசாங்கத்தைப் பற்றித்தான் ஏதோ படிக்கிறான்" என்று சமாளித்துவந்தார்.) அதைப் பற்றித் தமிழில் பேச நகரத்தின் ஹவுகெட்டோப் பகுதி மண்டபமொன்றில் ஒரு ஞாயிறு மாலை கிடைத்தது. முன்வரிசையில் நான் காதலித்த யாழினியின் அப்பா இருப்பார். பேச்சு நன்றாக அமைந்தால் எங்கள் விஷயத்தை அவரிடம் சொல்வதாக யாழினி வாக்குக் கொடுத்திருந்தாள்.

அமைப்பின் தமிழ்ப் பெயர்தான் சரிவரவில்லை. 'சுதந்திரத் தோழர்' வரை வந்துவிட்டேன். பின்னால் சங்கம் என்று போட்டால் நகரத்தில் ஏற்கெனவே உள்ள தமிழ் மன்றத்துக்காரர் முகம் சுளிப்பார்கள். மன்றம் என்றால் சங்கத்துக்காரர். கழகம், இரண்டோடும் கோபித்துப் பிரிந்தவர்களுடையது.

கடைசியில் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களில்தான் எனக்குக் கேடு வந்திருக்கிறது.) அரசின்மைவாதிகளின் முறைப்படி சபையே கூடிப் பெயரை முடிவு செய்யட்டும் என்று மேடையில் அறிவித்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

சபை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. விவாதத்துக்கு ஒருவர் தலைமை தாங்கவேண்டும் என்றார்கள். ஒருவரை முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். நீண்ட வாக்குவாதத்தின் பின் மன்றம் என்று முடிவானது. எழுந்த சூடு ஆறுமுன் அந்த மன்றத்துக்கே தலைவர் தெரிவு தொடங்கியது. யாழினியின் அப்பாவுக்கும் ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கும் சரிசமமாகக் கைகள் உயர்ந்தன.

"தம்பி, நீர் இன்னும் கை உயர்த்தேல்லை," என்றார் யாழினியின் அப்பா. அன்பாகத்தான் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து யாழினி கண்ணாலேயே கெஞ்சினாள். நானோ ஆய்வாளன்.

"அங்கிள், இதுக்குத் தலைவரே இருக்கக்கூடாது. அதுதான் அவையின்ரை கொள்கை."

அவர் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு தன் ஆட்களோடு வெளியேறினார். வாசலில் சப்பாத்துப் போடும் நேரத்துக்குள் 'உண்மையான சுதந்திரத் தோழர் சங்கம்' உதயமாகி, அவர் ஏகமனதாகத் தலைவரானார். உள்ளே கடைக்காரர் மன்றத்தைப் பொறுப்பேற்றார். என் பேச்சுக்கு நேரமில்லாமல் போனதால் வடை கொடுத்தார்கள்.

"உமக்கு ஒரு கையைத் தூக்க ஏலாதோ?" என்றாள் யாழினி.

அவளுடைய அப்பா எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதிக்க மூன்று வருடம் பிடித்தது. கல்யாண அழைப்பிதழில் தன் பெயருக்குக் கீழே அந்தச் சங்கத்தின் தலைவர் என்று போட்டே அச்சடித்தார்.

பிறகு எங்கள் மகளுக்குப் பெயர் வைக்கும் நாள் வந்தது. உறவினர் எல்லோரும் கூடியிருந்தார்கள். இப்போது என் மாமாவாகிவிட்ட யாழினியின் அப்பா என்னை வாசலிலேயே மறித்தார்.

"தம்பி, குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வாரும். அவசரமில்லை, ஆறுதலா வாரும்."

முருங்கைக்காயோடு திரும்பியபோது மகளுக்குப் பெயர் இருந்தது. நல்ல பெயர்தான். யாராவது அதைப் பாராட்டினால், அந்த நேரம் நான் கடையில் நின்றதையும் யாழினி இன்றுவரை சேர்த்தே சொல்கிறாள்.