ஒளிராத ஐந்து

அந்த வாரம் ஆய்வகத்தில் இருந்தவர்கள்: ஐந்தாம் வருட ஆய்வு மாணவி சுபஸ்ரீ, அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் தமிழ்மணி, பக்கத்து அறை ஆய்வாளர் மன்சூர், முப்பது வருடமாகக் குடுவை கழுவும் அழகர்சாமி, சில கோடி பாக்டீரியாக்கள்.

தகராறு கடைசியில் சொன்னவர்களால்தான். மருந்து விட்டு டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தினால் அவை தாமே பழுது பார்த்துக்கொள்ள வேண்டும். பழுது பார்க்கும் புரதம் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். நூற்றில் இரண்டு ஒளிரவில்லை.

குடுவையில் அழுக்கு என்றார் தமிழ்மணி. அழகர்சாமி மூன்று தடவை கழுவினார். இப்போது மூன்று ஒளிரவில்லை.

கலப்படம் என்றார். சுபஸ்ரீ எல்லாவற்றையும் ஒரே செல்லிலிருந்து வளர்த்தாள். ஒரு தாய்ப் பிள்ளைகள், ஒரே சாப்பாடு, ஒரே சூடு. நான்கு.

மன்சூருக்குக் கைராசி என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. கெஞ்சிக் கூட்டிவந்தாள். பிஸ்மி சொல்லி மருந்தை விட்டார். ஐந்து.

“அந்தப் புரதம் செல்லுக்கு ஒண்ணு ரெண்டுதான் இருக்கும் சுபா. செல் ரெண்டாப் பிரியறப்ப சிலதுக்குக் கிடைக்காமலே போயிடும். யார் தப்பும் இல்ல,” என்றார் மன்சூர்.

“அப்ப எனக்கு மட்டும் எப்படி நூத்துக்கு நூறு வந்துச்சு?” என்றார் தமிழ்மணி. பதினெட்டு வருடத்துக்கு முன் இதே மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். “அந்த அஞ்சையும் அழிச்சிடும்மா. நாளைக்கே உன் தீசிஸ்ல கையெழுத்துப் போடறேன். இல்லன்னா இன்னும் ஒரு வருஷம்.” ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். மன்சூரும் போனார்.

கே.கே. நகர் கல்லூரியில் கிடைத்த வேலை ஒரு வருடம் காத்திருக்காது. சுபஸ்ரீ திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தொட்டியத்திலிருந்து வந்த புதிதில், முதன்முதலாக எட்டிப் பார்த்த அன்று, எல்லாமே பச்சையாகத்தான் தெரிந்தன. அம்மாவுக்குப் போன் போட்டு, தேர்த் திருவிழா சீரியல் பல்பு மாதிரி இருக்கு என்று சொன்னாள். எண்ணத் தெரியாத காலம். நல்ல காலம்.

ஐந்தரைக்கு அழகர்சாமி சாவியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அவளைத் தேற்றத்தான் நினைத்தார்.

“மனசைப் போட்டு உழப்பிக்காதம்மா. சாரும் அவரோட அஞ்சை அழிக்கறதுக்கு முன்னாடி இதே ஸ்டூல்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு.”

சுபஸ்ரீ நூறையும் அப்படியே சேமித்துவிட்டு எழுந்தாள். அழகர்சாமி அவள் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.