ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போன செயலாளர்

ஆவணி பதினொன்று, ஞாயிறு, மாலை நாலு மணி இருபது நிமிடம். கடற்காற்று இன்னும் கிளம்பவில்லை; மூன்று மின்விசிறி சுற்றியும் புழுக்கம். என் மகளைப் பெண் பார்க்க மூலக்குளத்திலிருந்து ஆறு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவதாக வந்து இறங்கினார் எங்கள் சுகாதாரச் செயலாளர்.

ஃப்ரிட்ஜுக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அறியாத ஒரே மனிதர் புதுச்சேரியில் அவர்தான். பின்னால் தண்ணீர் வடியும் தட்டில்தான் டெங்கு பிறக்கிறது என்பது அவர் கட்சி. 'கொசு ஐயா' என்றால்தான் ஊரில் தெரியும். கொசு மருந்துக் கோப்புக்குத் தேவைப்பட்ட பதினோரு கையெழுத்தை இரண்டாக்கினார். ஒழிந்த ஒன்பதில் ஒன்று, அதே துறையில் சூப்பிரண்டான என்னுடையது. கொசுப்புழு இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் இருநூறு ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டு, முதல் ரசீதைத் தன் மனைவிக்கே கிழித்தார். அந்த அம்மாள் இரண்டு வாரம் அவரிடம் பேசவில்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை என்று அவருடைய டிரைவர் சொன்னார்.

இப்படிப்பட்டவரை ஏன் அழைத்தேன்? ஐ.ஏ.எஸ். அதிகாரி நம் வீட்டில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டால் சம்பந்தம் நிச்சயம் என்று கணக்குப் போட்டேன். மூன்று வரன் கைநழுவி, இது நாலாவது. மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது.

கேசரியை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு ஐயா சமையலறைக்குள் போனார். சற்று நேரத்தில் ஃப்ரிட்ஜ் கூடத்துக்கு வந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு.

"சூப்பிரண்டு சார், டார்ச் அடிங்க."

அடித்தேன். இருபத்து மூன்று புழுக்கள். எண்ணியது நான்தான், பழக்கதோஷம்.

"வீட்டயே இப்பிடி வச்சிருக்காங்க, பொண்ண எப்பிடி வளத்திருப்பாங்க?" என்று பையனின் அம்மா கணவரிடம் மெதுவாகக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. மகள் காபி டம்ளர்களோடு உள்ளே திரும்பினாள்.

ரசீதைக் கிழித்துக்கொண்டே ஐயா நிமிர்ந்தார். "ஒங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்காம்மா?"

"ரெண்டு இருக்குது," என்றார் அந்த அம்மாள், பெருமையாக.

"அப்ப வாங்க, போலாம்."

அவர்களை ஐயா தன் காரிலேயே திணித்துக்கொண்டார். நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். மூலக்குளத்தில் முதல் ஃப்ரிட்ஜின் தட்டுக்கு முன்னால் குந்தி எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு வந்தபோது பையனின் அப்பா என் தோளைத் தொட்டார்.

"போதும். எண்ணாதீங்க, சம்பந்தி."

அந்த வார்த்தையிலேயே நிச்சயம் முடிந்தது. ஐயா அவர்களுக்கு இரண்டு ரசீது கிழித்தார், ஃப்ரிட்ஜுக்கு ஒன்றாக.

பிறகு அவரை அந்தமானுக்கு மாற்றிவிட்டார்கள். இன்றும் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோன் வரும். மகளை, மாப்பிள்ளையை, பேரனை ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார். "தட்டக் கொட்டியாச்சா சார்?" கொட்டியாச்சு என்றதும் வைத்துவிடுவார்.

போன மாதம் பழைய ஃப்ரிட்ஜ் ஓய்ந்தது. பின்புறம் முழுக்க மூடிய, தட்டையே தொட வேண்டாத ஒன்றைக் கடைக்காரர் பதினெட்டாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தால் நான் என்ன பதில் சொல்வது? கையால் உருவிக் கொட்டுகிற தட்டு உள்ளதாகவே கேட்டு வாங்கினேன். பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.