குழியை முன்னிட்டு ஒரு வெளிநாட்டுப் பயணம்

முதலில் வம்பு இழுத்தவர் நகராட்சிக் கண்காணிப்பாளர்தான். இதில் தையற்கடை மாஸ்டருக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மாஸ்டரின் கடை வாசலில் பாதாளச் சாக்கடைக்கு ஒரு குழி உண்டு. அதன் இரும்பு மூடி ஒருநாள் உடைந்து உள்ளே போனது. துணியோடு வந்த வாடிக்கையாளர்கள் குழியை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். கடைசியில் மாஸ்டரே, கத்தரிக்கோலும் கையுமாக, கால் தவறி இடுப்பளவுக்கு உள்ளே இறங்கினார். நொண்டிக்கொண்டே எதிரிலிருந்த நகராட்சி அலுவலகத்துக்குப் போய் மூடி கேட்டார்.

கண்காணிப்பாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூடியா? முதல்ல வாயை மூடிக்கிட்டு மனுவா எழுதிக் குடுங்க."

மாஸ்டர் மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். அளவு நோட்டில் எழுதுவது போலவே எழுதினார்: "கடை வாசல். குழி ஒன்று. குறுக்களவு இரண்டு அடி. மூடி வேண்டும். அவசரம்."

அவசரம் என்றிருந்ததால் எட்டே மாதத்தில் பதில் வந்தது. "தங்கள் மனு பரிவுடன் பரிசீலிக்கப்பட்டது. எவ்வகை மூடி பொருத்துவது என்பது கொள்கை முடிவாதலால், அதனை நேரில் கண்டறியும் பொருட்டு, ஐரோப்பாவின் தொன்மை வாய்ந்த தலைநகர் ஒன்றுக்கு அறுவர் குழு செல்லவிருக்கிறது."

அங்கே குளிராம். ஆறு பேருக்கும் கோட்டு வேண்டும். கண்காணிப்பாளர் குழியைத் தாண்டிக் குதித்துக் கடைக்குள் வந்தார். பின்னாலேயே தலைமை எழுத்தர் கோப்போடு குதித்தார்.

மாஸ்டர் டேப்பை எடுத்தார். கண்காணிப்பாளர் கைகளை விரித்து நின்றபடியே பயணத் திட்டம் சொன்னார்.

"முதல் நாள் அரண்மனை. சுத்திப் பார்க்கிறோம்."

"அப்படி எழுதினா தணிக்கையில மாட்டிக்குவோம் சார்."

"சரி, 'அரண்மனை வளாக மூடிகளைப் பார்வையிடல்'னு போடு."

"மணிக்கூண்டு?"

"'உயரத்திலிருந்து மூடிகளை ஒட்டுமொத்தமாகப் பார்வையிடல்.'"

"படகுச் சவாரின்னு போட்டிருக்கீங்களே, ஆத்துல ஏது சார் மூடி?"

கண்காணிப்பாளர் கண்ணை மூடி யோசித்தார். "'ஆற்றில் மூடிகள் இல்லை என்பதை உறுதி செய்தல்.'"

எழுத்தர் கண் கலங்க எழுதிக்கொண்டார்.

"மூச்சை விடுங்க சார்," என்றார் மாஸ்டர். "வயிறு நாப்பத்திநாலு."

"நாப்பதுன்னு போடுங்க மாஸ்டர். அங்க நடந்து குறைச்சிடுவேன்."

அன்று மத்தியானம் மாஸ்டரின் மச்சான் வந்தான். பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன். வண்டியில் கொண்டுவந்த மூடி ஒன்றைக் குழியில் வைத்து ஓங்கி மிதித்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. எட்டு மாதக் கொள்கைப் பிரச்சினை எட்டு நிமிடத்தில் முடிந்தது.

அரைமணி நேரத்தில் எழுத்தர் நோட்டீசோடு ஓடி வந்தார். "என்ன மாஸ்டர் காரியம் பண்ணிட்டீங்க! குழி மூடிட்டா பிரச்சினை இல்ல. பிரச்சினை இல்லன்னா பயணம் இல்ல. ஆறு வீட்டுல பெட்டி கட்டி வச்சிருக்கோம். கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா?"

"மூடி அங்கேதான் இருக்கும். ஆனதைப் பார்த்துக்கோங்க."

பிறகு கண்காணிப்பாளரே வந்தார். குதிக்க வேண்டியிராததால் மூடிமேல் நின்றே பேசினார். "குழுவுல 'பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி'ன்னு ஏழாவதா ஒரு இடம் போடலாம்னு இருக்கேன் மாஸ்டர். தகுதியான ஆள்தான் கிடைக்கல."

மாஸ்டரின் வாயில் கடித்திருந்த ஊசி கீழே விழுந்தது.

சாயங்காலம் மச்சானைக் கூப்பிட்டார். "மூடியை எடுத்துட்டுப் போ."

"என்ன மாமா, எட்டு மாசமா நீங்கதானே..."

"எடுன்னா எடு. நாலு பேருக்கு நல்லது நடக்கும்போது குறுக்க நிக்கக் கூடாது."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, நேத்துதான் பக்கத்து வீட்டம்மா உள்ள விழுந்து எழுந்தாங்க."

"அவங்க பார்த்து நடந்திருக்கணும்."

மாஸ்டர் ஏழாவது கோட்டைத் தைத்தார். மற்ற ஆறைவிட நல்ல துணி, உள்பக்கம் இரண்டு பை. படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காற்று குறைவு என்றுகூட எழுத்தரிடம் விசாரித்து வைத்தார்.

கிளம்புகிற நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலக வாசலில் போய் நின்றார். வேனின் ஏழாவது இருக்கையில் கண்காணிப்பாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"இவங்க எப்பய்யா பாதிக்கப்பட்டாங்க?"

"கல்யாணம் ஆனதிலேருந்து," என்று எழுத்தர் காதோடு சொல்லிவிட்டு ஒரு ஆணையை நீட்டினார். "தாங்களும் இல்லாத சமயத்தில் குழி மூடப்பட்டுவிடும் அபாயம் கருதி, தங்களைக் கௌரவக் குழிக் காப்பாளராக நியமிக்கிறோம். அடுத்த பயணத்தில் தங்களுக்கு முன்னுரிமை உண்டு."

மாஸ்டர் கடைசி வரியை மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு குழிக்கு அருகே முக்காலி போட்டு, வெயிலில், கோட்டோடு உட்கார்ந்தார். பதினைந்து நாளில் மச்சான் இரண்டு தடவை மூடியோடு வந்தான். இரண்டு தடவையும் விரட்டினார்.

குழு திரும்பி வந்து அறிக்கை வெளியிட்டது. "அந்நகரின் மூடிகள் நானூறு ஆண்டு பழமை வாய்ந்தவை. நம்மிடம் அத்தகைய மூடி இல்லை. ஆகவே புதிய மூடி ஒன்றை வாங்கி, நானூறு ஆண்டு பத்திரப்படுத்தி, பின்னர் பொருத்தலாம். அதுவரையிலான இடைக்கால ஏற்பாட்டைக் கண்டறிய வேறொரு தலைநகருக்குச் செல்வது உசிதம்."

அறிக்கையைப் படித்துத் தெரு கொதித்தது. அந்த வாரமே முடிதிருத்துபவர் தன் கடை வாசல் மூடியைக் கடப்பாரையால் உடைத்தார். மருந்துக்கடை மூடி தானாகவே காணாமல் போனது. சைக்கிள் கடைக்காரர் வாசலில் குழியே கிடையாது. பாவம், அவர் புதிதாகவே வெட்டிக்கொண்டார். உடைசல்களையெல்லாம் மச்சான் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

அதற்குள் தெருவில் ஒன்பது குழி. அத்தனையையும் தாண்டி, முடிதிருத்துபவர் மாஸ்டர் கடைக்குள் வந்து கைகளை விரித்து நின்றார்.

"ஒரு கோட்டு தைக்கணும் மாஸ்டர். நானும் பாதிக்கப்பட்டவன்தானே."

மாஸ்டர் டேப்பைச் சுருட்டி மேசையில் அடித்தார்.

"வரிசையில வாய்யா! இந்தத் தெருவுல முதல்ல விழுந்தவன் நான். எனக்கே இன்னும் முறை வரல."